கடதாசி மலரும் மனிதர் பொழுதும்

பொம்மை வீட்டின் உலகில் ஓரடி ஓரங்குலமாகச் சுருங்குகிறது. பன்னிரண்டில் ஒன்று என்பதே அக்கலையின் பரவலான அளவு. அவ்வீட்டு மேசைமீது வைக்கும் ரோசா மலர் ஒரு கடலைப் பருப்பளவே இருக்கும். மென்கடதாசியை வெட்டிச் சாயமிட்டு, இதழ் இதழாகச் சுருட்டி, மெல்லிய கம்பியில் பசையிட்டு ஒட்டவேண்டும். ஒரு சிறு சாடி நிறைவதற்குள் மாலைப்பொழுது கழிந்துவிடும். பசித்த மக்கள் வாழும் உலகில் இப்பயனற்ற உழைப்பு தகுமா என நம் நண்பர் சிலர் வினவுகின்றனர். நீதியுணர்விற் பிறந்த வினா அது. அதை எளிதில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை.

ஆயின், பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் முதலில் தண்டனை பெறுவோர் குழந்தைகளே. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று பருவங்கள் உண்டு. சிற்றிற் பருவத்திலே, தாம் மணலில் இழைத்த வீட்டைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் பாட்டுடைத் தலைவனிடமே மன்றாடுகின்றனர். தலைவன் முருகனேயாயினும் மணல்வீட்டின்மீது அவனுக்கு உரிமையில்லை. அது கட்டியவளுக்கே உரியது.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் மணலும் சிரட்டையும் பனங்குருத்துமே ஏழைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களாயிருந்தன. நன்னீர் அரிதான அம்மண்ணிற் பூந்தோட்டம் வளர்ப்பது எளிதன்று. பனையோ நீர் வாராமலே ஓலை தரும். அவ்வோலையிற் பூ முடையும் சிறுமிக்கு எவரும் கூலி பேசுவதில்லை. இத்தனை முடித்தாக வேண்டுமென்று கட்டளையிடுவதுமில்லை. அப்பொழுது முழுவதும் அவளுடையது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். பிரித்தானிய மேரி அரசிக்கென 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீடு கட்டப்பட்டது. 1,500க்கு மேற்பட்ட கலைஞரும் கைவினைஞரும் உற்பத்தியாளரும் அதில் ஈடுபட்டனர். பொம்மை வீட்டுக் குழாயில் நீர் ஓடிற்று, மின்விளக்கும் எரிந்தது. அதே முடியின்கீழ் இருந்த நம் தீவுகளிலோ குழாய்நீர் கனவிலும் இல்லை. இதற்குப் பத்தாண்டு முன்னர் நியூயோர்க் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளை லூயிஸ் ஹைன் படம்பிடித்தார். தாயுடன் குழந்தைகளும் சமையலறை மேசையைச் சுற்றியிருந்து, விற்பனைக்கெனச் செயற்கைப் பூக்கள் செய்வதை அப்படங்களிற் காண்கிறோம். பிறர் வீட்டுப் பொம்மைகளுக்கு உடை தைத்த குடும்பங்களும் அவற்றில் உள்ளன. விளையாடவேண்டிய பிள்ளை, விளையாட்டுப் பொருளைச் செய்யும் கூலியாக மாறிய காட்சி அது.

ஓலைப்பூவும் செயற்கைப்பூவும் ஒன்றுபோலவே பயனற்றவை, செய்தவை சிறுவிரல்களே. எனவே குற்றம் பூவில் இல்லை. செய்பவரின் பொழுது யாருக்குச் சொந்தம் என்பதிலேயே அறமும் அநீதியும் பிரிகின்றன. ஒருவர் தம் ஓய்வில் கடதாசி மலர் செய்வது மனித உரிமை. பிறரது ஓய்வைப் பறித்து அம்மலரைப் பெறுவது சுரண்டல்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகளென 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுறுதி செய்தது. அந்த 1990–1991 காலத்திலேயே போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பேரில் நிலையாதபோது சிற்றில் எங்ஙனம் நிற்கும்? ஏட்டில் எழுதிய உரிமைக்கு ஒரு முற்றமும் அச்சமற்ற மாலைப்பொழுதும் வேண்டுமன்றோ?

இன்றும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலர் ஓலைக் கைப்பணியால் வாழ்கின்றனர். சாயமிட்ட ஓலைப்பூவைக் கையிலெடுத்து, "வெறும் ஓலைதானே" என்று விலை குறைப்போர் நம்மிடையேயும் உளர். ஓலை பனை தந்தது. ஆயின் குருத்தை வார்ந்து, உலர்த்தி, சாயமேற்றி, முடைந்த மணித்தியாலங்களைத் தந்தவள் அவளே. நாம் குறைப்பது ஓலையின் விலையையன்று, அவள் வாழ்வின் ஒரு பகுதியின் விலையை.

பொம்மை வீடுகளை இடிக்கும்படி நாம் கேட்கவில்லை. அவற்றுக்குப் பூச்செய்யும் கைகளுக்கும் ஒரு வீடு வேண்டும், நியாயமான கூலி வேண்டும், எவருக்கும் விற்காத பூவொன்றைத் தம் பிள்ளையோடிருந்து செய்து மகிழும் ஓய்வும் வேண்டும் என்றே கேட்கிறோம்.