அடுத்த பிள்ளைக்கான அங்கி

ஜப்பானில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவைப் பரிமாறுவது பிள்ளைகளே. முறை வந்த குழு வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, சோற்றையும் சூப்பையும் வகுப்பறைக்குக் கொண்டுவருகிறது. ஆறு வயதுக் குழந்தை கரண்டியால் நிதானமாக அளந்து ஊற்றும். கடைசியில் நிற்பவனுக்கும் காய் மிஞ்ச வேண்டுமே! எல்லோருக்கும் வைத்து முடித்த பிறகே முதல் வாய். ஆசிரியரும் அங்கேயே அமர்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்.

1889இல் யமகாட்டா மாநிலத்தின் சுருவோக்காவில், கோயிலில் இயங்கிய ஒரு பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் சுட்ட மீனும் கொடுத்ததே பள்ளி உணவின் தொடக்கம் என்கிறார்கள். 1954இல் அதற்கெனச் சட்டமும் வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வெள்ளிக்கிழமை. வாரம் முழுக்கப் பரிமாறிய பிள்ளை அந்த அங்கியை வீட்டுக்கு எடுத்துப்போகிறது. துவைத்து, இஸ்திரி போட்டு, திங்களன்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதை அடுத்து அணியப்போவது வேறொரு பிள்ளை. பட்டன் அறுந்திருந்தால் அதையும் தைத்து அனுப்புகிற பெற்றோர் உண்டு. பொறுப்பு என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது.