எரிந்த பள்ளத்தாக்கில் ஒரு சந்தேகம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு மேற்கே, பசிபிக் சமுத்திரத்தை நோக்கி இறங்கும் மாலிபு மலைகளில், 2018 நவம்பரில் மூண்ட உல்ஸி காட்டுத் தீயால் அடைபட்டுப் பின்பு திறந்த சால்ஸ்டிஸ் பள்ளத்தாக்குப் பாதையில் நடப்பவன், சம்ஹாரமும் அனுக்கிரகமும் ஒரே ஈசனின் தொழில்கள் என்று நம் சைவ சித்தாந்திகள் சொன்னதைப் பிரத்தியட்சமாகக் கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது சுலபம். கரியாகிப்போன லாரல் சூமாக் புதரைக் குனிந்து பார்த்தால், மண்ணுக்குள் தப்பிய வேர்க்கட்டையிலிருந்து செந்நிறத் தளிர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். சியனோதஸ் செடியின் கெட்டி விதையோ, தீயின் உஷ்ணம் தோலைப் பிளந்தாலன்றிப் பெரும்பாலும் முளைப்பதில்லை. ஆனால் அதே பாதையில், அருவியின் பக்கத்தில், பால் வில்லியம்ஸ் என்ற கீர்த்திமிக்க கட்டிடக் கலைஞர் வரைந்துகொடுத்து 1952-ல் எழும்பி, 1982-ல் வேறொரு தீயில் வெந்த வீட்டின் புகைபோக்கி நிற்கிறதே, அது தளிர்க்கவில்லை. தளிரைக் காட்டி வீடிழந்தவனைத் தேற்றப் புகுவது, தத்துவ வேஷம் போட்ட ஈரமின்மை என்றே எனக்குப் படுகிறது. உல்ஸி தீயோ மின்சாரச் சாதனங்களில் பிறந்தது. இவ்விதமே மனிதர் மூட்டும் தீ அடிக்கடி வருமாயின், விதை சேர்க்க அவகாசமின்றிப் புதர்களும் மடிந்து, அந்நியப் புல் அந்த மலைகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சம்ஹாரத்தை எந்த ஈசன் பேரில் எழுதுவது?