எடுத்த இடத்தில் வைத்தல்

வீட்டின் பின்புறம் ஒரு சிறு முற்றம். மலேசியத் தாமான்களில் வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள் பல 20 அடி அகலத்திற்குள் அடங்கியவை. முற்றமும் அந்த அளவினதே. அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு முருங்கை, பாண்டான் இலைப் புதர், நான்கைந்து பூச்சட்டிகள். இவற்றைப் பேணுவதற்கென்று வந்து சேர்ந்த பொருள்களோ செடிகளைவிட மிகுதி. மண்வெட்டி, பாராங் கத்தி, களைக்கொத்தி, கத்தரி, பூவாளி, சுருண்டு கிடக்கும் ரப்பர்க் குழாய், பாதி தீர்ந்த உரமூட்டை, பெயர் எழுதாத புட்டிகள். இவற்றை அடுக்கி வைப்பதா, கிடந்தபடி கிடக்க விடுவதா என்பது வீட்டுக்காரரின் விருப்பம் என்றே பலரும் கருதுவர். அறம் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர்.

இருக்கிறது. அதைக் காண வேண்டுமானால், ஒழுங்கற்ற முற்றத்துக்கு உடையவர் கூறும் விடையிலிருந்தே தொடங்க வேண்டும். “எது எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியும்” என்பார் அவர். அவர் சொல்வது பொய்யன்று. மண்வெட்டி கோழிக்கூண்டின் பின்னால் சாய்ந்திருப்பதும், கத்தரி பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடப்பதும், உரம் படிக்கட்டின் அடியில் இருப்பதும் அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். ஆகவே அவருக்கு ஒழுங்கு தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது பிறருக்கே.

வழக்கமாக ஒழுங்கைப் போற்றுவோர் கூறும் காரணங்கள் வேறு. கருவி துருப்பிடிக்காது, நேரம் வீணாகாது, கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பர். இவை மெய்யே. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நிலத்தில் சேற்றோடு போட்ட மண்வெட்டி விரைவில் துருவேறும். சிமிந்தித் தரையில் கிடத்திய யூரியா மூட்டை ஈரத்தை உறிஞ்சிக் கல்லாய் இறுகும். ஒரு பலகையும் நாலு ஆணியும் இருந்தால் தீரக்கூடிய குறைகள் இவை. ஆனால் இவையெல்லாம் உடையவரின் ஆதாயத்தைப் பற்றியவை. தம் ஆதாயத்தை இழக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிறரைப் பற்றிய கேள்வி அப்படி முடிவதில்லை.

சாக்ரட்டீசின் வழி வந்தவருள் ஒருவரான செனபோன், இல்லத்தை நடத்தும் முறை பற்றி ‘ஒய்கோனோமிக்கஸ்’ என்ற உரையாடல் நூலை எழுதினார். அதில் இஸ்கோமாக்கஸ் என்ற நிலக்கிழார் வருகிறார். ஒருநாள் அவர் மனைவியிடம் ஒரு பொருளைக் கேட்கிறார். அவளால் எடுத்துத் தர இயலவில்லை. நாணி முகம் சிவக்கிறாள். குற்றம் உன்னுடையதன்று, பொருள்களை ஒப்படைத்தபோது எது எங்கே இருக்க வேண்டுமென்று சொல்லாமல் விட்ட என்னுடையதே என்கிறார் அவர். பிறகு, தாம் கண்ட பினீசியக் கப்பல் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். கயிறும் பாயும் ஆயுதமும் சரக்குமாக எத்தனையோ பொருள்கள் ஒரு சிறிய இடத்துக்குள் அடங்கியிருந்தன. கப்பலின் துணைத்தலைவன் ஒவ்வொன்றின் இடத்தையும், அவ்விடத்தில் இல்லாத நேரத்திலும் சொல்லத்தக்கவனாக இருந்தான். புயல் எழும்போது தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பது அவன் கூறிய காரணம். கணவன் மனைவிக்குப் பாடம் நடத்தும் அந்தக் காலத் தோரணை இன்று படிப்போர்க்கு உவக்காது. ஆயினும் தேடிக் கிடைக்காதபோது தேடியவரைக் குறை கூறாமல் வைத்தவரைக் குறை கூறிய நேர்மை அரிது.

எத்தனை இல்லங்களில் இதற்கு நேர்மாறு நடக்கிறது! ஒடிந்த முருங்கைக் கிளையை வெட்ட மனைவி பாராங்கைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்த கணவன் நொடியில் எடுத்துக் கொடுத்துவிட்டு, “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கிறான். தெரியாது, தெரிவதற்கு வழியே இல்லை. அறிவு முழுவதும் ஒருவர் தலைக்குள் இருக்க, மற்றவர் எல்லாம் அவர் வரவை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர். வேண்டுமென்றே செய்யாவிடினும் அது ஓர் ஆதிக்கமே. பொருளுக்கு ஓர் இடம் வகுத்து அதை வீட்டார் அனைவரும் அறியச் செய்பவர் அந்த ஆதிக்கத்தைத் தாமாகவே துறக்கிறார். ஒழுங்கு, ஒழுக்கம் என்னும் இரு சொற்களுக்கும் ‘ஒழுகு’ என்பதே வேர் என்பதைத் தமிழாசிரியர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை, மாணவர்க்கு நினைவூட்டலாம்.

உடையவரும் என்றென்றும் உடையவராகவே இருப்பதில்லை. தோட்டம் என்றால் இந்நாட்டுத் தமிழர்க்கு நெடுங்காலம் ரப்பர்த் தோட்டமே. அங்கே பால்மரம் வெட்டச் செல்வோர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போயாக வேண்டும். கத்தியும் வாளியும் இருளில் கை நீட்டினால் அகப்படும் இடத்தில் இருக்க வேண்டும். முந்திய மாலையில் வைத்தவரும் மறுநாள் தூக்கக் கலக்கத்தில் எடுப்பவரும் ஒருவரே. ஆயினும் வைத்தவர் எடுப்பவரை வேறொருவராக எண்ணி இரங்கியிருக்க வேண்டும். முதுமையில் இது இன்னும் உண்மையாகிறது. எல்லாம் எனக்குத் தெரியும் என்றிருந்தவர், ஒருநாள் தம் முற்றத்திலேயே அயலார்போல் நின்று தேடுகிறார்.

இதுவரை கூறியது வேலியின் உட்புறம். வேலிக்கு அப்பாலும் இது செல்கிறது. கவிழ்த்து வைக்காத வாளி, மூலையில் போட்ட பூவாளி, பூச்சட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் அல்லது சற்று மிகுதியான நாள்கள் ஆகும். நீர் வற்றினாலும் பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். பிறந்த கொசு வேலியை மதிப்பதில்லை. மலேசியாவில் 1975ஆம் ஆண்டில் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டமும், சிங்கப்பூரில் 1998ஆம் ஆண்டில் நோய்ப்பூச்சி, பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டதன் கருத்து இதுவே. என் முற்றம் என் விருப்பம் என்ற பேச்சைச் சட்டம் ஏற்கவில்லை. தண்டத்துக்கு அஞ்சி வாளியைக் கவிழ்ப்பவரைவிட, அடுத்த வீட்டுக் குழந்தையை எண்ணிக் கவிழ்ப்பவர் மேலானவர் என்பதில் ஐயமில்லை. கொசுவுக்கு மட்டும் இருவரும் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் கொடியது அந்தப் பெயரில்லாப் புட்டி. தோட்டத்துறையில் நெடுங்காலம் பயன்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு வாய் விழுங்கினாலே உயிரைக் கொள்ளக்கூடியது, முறிமருந்து இல்லாதது. பானம் என்று எண்ணிக் குடித்து மாண்டவர் இருந்தமையால், உற்பத்தியாளரே பிற்காலத்தில் அதில் நீல நிறமும் கெட்ட வாடையும் வாந்தி வரச் செய்யும் பொருளும் சேர்த்தனர். மலேசியாவில் 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் விலக்கப்பட்டு, 2020 சனவரி முதல் நாளிலிருந்து அது முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஆனால் தடை ஒரு மருந்துக்குத்தான். பெரிய கலனில் வாங்கிய ஏதோ ஒரு நஞ்சைப் பழைய சோடாப் புட்டியில் கொஞ்சம் ஊற்றி அலமாரியில் வைக்கும் பழக்கத்துக்கு எந்தச் சட்டம் தடை விதிக்க வல்லது? ஊற்றியவருக்கு அது இன்னதென்று தெரியும். தாகத்தோடு வரும் குழந்தைக்குத் தெரியாது. ‘எனக்குத் தெரியும்’ என்ற அந்தச் சொல் இங்கே ஓர் உயிரின் விலையாகிவிடுகிறது. நஞ்சை அதன் சொந்தக் கலனிலேயே வைத்து, உயரத்தில் பூட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும்.

ஒழுங்கையே தெய்வமாக்கியோரும் உளர். அவர்களைப் பற்றியும் ஒரு சொல். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கோட்டால் வரைந்து அதன்மேல் அதை மாட்டி வைப்பது நல்ல முறை. எது இல்லை என்பது பார்த்தவுடன் புலப்படும். ஆனால் அந்த வெற்றுக்கோடு கண்ணை உறுத்துகிறது என்பதற்காக அயலார்க்குக் கத்தரியை இரவல் தர மறுப்பவர், ஒழுங்கு எதற்காக வந்ததோ அதையே மறந்தவர். அவர் முற்றம் அருங்காட்சியகம்போல் இருக்கும், செடிதான் வாடியிருக்கும். வெற்றுக்கோடு, பக்கத்து வீட்டில் ஒரு வேலை நடக்கிறது என்பதற்கும் அடையாளம் அல்லவா?

இனி, பெயர் எழுதுவது. பெயர்ச்சீட்டு பிறருக்காக எழுதப்படுவது எனில், அது யார் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்? தமிழில் எழுதுவதே பெருமை என்பார் தாத்தா. வீட்டில் வேலைக்கு வந்திருக்கும் இந்தோனேசியப் பெண்ணுக்கும், தமிழ் கல்லாது வளர்ந்த பேரனுக்கும் அந்த எழுத்து வெறும் கோலம். தமிழாசிரியர்க்கு இது கசப்பான செய்தியே. எனினும் நஞ்சுக் கலனில் மொழிப்பற்றைக் காட்ட வேண்டியதில்லை. அங்கே மண்டையோட்டுப் படமும், அவ்வீட்டார் அனைவரும் அறிந்த மொழியும் இருந்தாக வேண்டும். வெண்டை விதை, கீரை விதை, எலும்புத்தூள், சாம்பல் ஆகியவற்றின் டின்களில் தமிழ் இருக்கட்டும். கீரை விதை எதில் இருக்கிறதென்று பேரன் கேட்டு வரும்போது, தாத்தா எழுந்து எடுத்துக் கொடுக்காமல், ‘கீ’ என்ற எழுத்து எப்படி இருக்கும் என்று மண்ணில் எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.