அவருக்குப் பிராரத்தம், எனக்கு ஆகாமியம்

எங்கள் பக்கத்தில் ‘பூச்சிக்கொல்லி’ என்று யாரும் சொல்வதில்லை. அது வேளாண்மை ஆபீஸ் தமிழ். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து. மனம் உடைந்து ஒருவன் உயிரை விட்டால்கூட ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்றுதான் பேச்சு. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடைத்தெருவில் 1984 முதல் 2016 வரை நான் அந்த மருந்தை விற்றேன். பெயர்ப்பலகையில் உரக்கடை, லாபம் என்னவோ மருந்தில்தான்.

திருக்குறளில் மருந்து 95ஆவது அதிகாரம், ஊழ் 38ஆவது. நடுவே 56 அதிகாரங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். மருந்தடித்துப் படுத்தவனைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வாசற்படி இறங்கும்போதே ‘எல்லாம் விதி’ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். அவர் பெயரை எழுதப்போவதில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆனால் கடை நடத்திய காலமெல்லாம் அவரிடம் ‘வாய்யா, போய்யா’ என்றுதான் பேசினேன். அவர் என்னை ‘மொதலாளி’ என்பார். இங்கே ‘அவர்’ என்று எழுதும்போது எனக்கே கை புதிதாக இருக்கிறது. சொந்த நிலம் கிடையாது. சுற்று வட்டாரத்தில் யார் வயலுக்கு மருந்தடிக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி நாளுக்கு இல்லை, டேங்குக்கு இவ்வளவு என்று பேச்சு. 16 லிட்டர் டேங்கு. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு டேங்கு போகும். அதனால் எவ்வளவு வேகமாக நடக்கிறாரோ அவ்வளவு காசு.

டேங்கு மூடியில் வாஷர் தேய்ந்தால் ஒழுகும். ஒழுகுவது முதுகில் இறங்கும். சட்டை நனைந்தால் வெயிலுக்குக் குளுமையாக இருக்கிறது என்று சிரிப்பார். கலக்குவதற்கு ஒரு குச்சி. குச்சி அகப்படாவிட்டால் கை. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். வாய்க்குள் போனால்தான் விஷம் என்பது எங்கள் எல்லோருடைய நினைப்பும். மருந்தடிக்கிறவன் உடம்பில் பெரும்பங்கு ஏறுவது தோல் வழியாகத்தான்.

எங்கள் என்று சொன்னேன். அது பொய். எனக்குத் தெரியும். லைசென்ஸ் வைத்திருக்கிறவனுக்கு டப்பாவில் இருக்கிற முக்கோணம் தெரியாமல் இருக்காது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, விதிகள் 1971. சிவப்பு முக்கோணம் கொடிய விஷம், மேலே மண்டையோடு. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். அவருக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

1997 கோடைப் பருத்தியில் காய்ப்புழு. ‘சீக்கிரம் கேக்கிற மாதிரி குடுங்க மொதலாளி’ என்று வந்து நின்றார். இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று மட்டும் போதாது, ரெண்டையும் கலந்து அடி என்று சொன்னதும் நான்தான். அந்த வருடம் ஒரு கம்பெனி, குறிப்பிட்ட அளவு விற்றால் கோவாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வரப்பில் விழுந்துவிட்டார். வாயெல்லாம் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை, வாந்தி, சதை துடிக்கிறது, கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. நரம்பு சதைக்கு ஒரு சேதி அனுப்பினால், சேதி போய்ச் சேர்ந்ததும் அதை அழித்துவிட ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியை இந்த மருந்து கட்டிப்போடுகிறது. சேதி அழியாமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும். புழு சாவதும் இதனால்தான், மனிதன் விழுவதும் இதனால்தான். அட்ரோபின் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

நான்காம் நாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, ‘எந் தலையெழுத்து மொதலாளி, யாரு என்ன பண்றது?’ என்றார். அதற்கு முன் மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அன்று தூங்கினேன். கோவாவுக்கும் போனேன்.

2012 வாக்கில் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு கை முழுக்க. நடை சுருங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி உண்டா, சாராயம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரமட்சினி என்ற இத்தாலிய வைத்தியர் 1700இலேயே தொழிலாளர் நோய்களுக்கென்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தன் வீட்டு மலக்குழியை அள்ள வந்த ஆள் ஏன் இத்தனை அவசரப்படுகிறான் என்று விசாரித்தார்; இதில் நேரமானால் கண் போய்விடும் என்று அவன் சொன்ன பதிலில் தொடங்கியது அந்தப் புத்தகம். நோயாளியிடம் வைத்தியன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். முந்நூறு வருடம் ஆகியும் அந்தக் கேள்வி எங்கள் ஓ.பி. சீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவருக்கு நடுக்கம் தொடங்கிய அதே 2012இல் பிரான்சு நாட்டில், பூச்சிமருந்தோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே கை, அதே நடுக்கம். அங்கே இழப்பீட்டுக்கு மனுப்போடலாம். இங்கே தலையெழுத்து.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவருக்கு இந்த நோய் இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. மருந்தடித்த ஆயிரம் பேரை, அடிக்காத ஆயிரம் பேரோடு ஒப்பிட்டால் கூடுதலாகச் சிலருக்கு வருகிறது என்றுதான் சொல்லலாம். அந்தச் சிலரில் இவர் ஏன்? கணக்கு அதற்குப் பதில் சொல்லாது. கணக்கு வாயடைத்து நிற்கும் அந்த இடத்தில்தான் விதி பாயை விரித்து உட்கார்ந்துகொள்கிறது.

கடையை மூடியபின் மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் நடக்கும் சித்தாந்த வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். வினை மூன்று வகை. கடைக்காரன் பாஷையில் சொன்னால் சஞ்சிதம் பழைய பாக்கி. பிராரத்தம் அதில் இந்த அறுவடைக்குக் கட்டித் தீர்க்கவேண்டிய தவணை. ஆகாமியம், தவணை கட்ட வந்த இடத்திலேயே வாங்கும் புதுக்கடன். கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுவன என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஆறைச் சொல்கிறார். அதில் நோயும் ஒன்று. அந்த இடம் வந்த அன்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எங்கேயோ உறுத்தி, எழுந்து கேட்டேன்.

‘ஐயா, நோய் அவனவன் வினையால வருதுன்னா, அதக் கொண்டாந்து சேக்கிறவனுக்கு என்ன கணக்கு? அவன் வெறும் தபால்காரன்தானே?’

பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ‘தபால்காரருக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நீங்க கொண்டுபோனதுல என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?’

‘தெரியும்.’

‘அப்ப அவருக்கு அது பிராரத்தம். ஒங்களுக்கு ஆகாமியம்.’ அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

இருபது வருடமாக ஒரு பக்கத்து ஏட்டை மட்டும் காட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு எதிர்ப்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது போல இருந்தது. விதி என்ற சொல் பட்டவன் வாயில் வரும்போது ஒரு பொருள். கொடுத்தவன் வாயில் வந்தால் வேறு பொருள். நூலில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. ஊரில்தான் கலந்துவிட்டோம், அந்த இரண்டு பாட்டிலைப் போல.

நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் இருந்த சீமை இது. சோழநாட்டு வயல்களில் இன்றும் அங்கங்கே புத்தர் சிலை கிடைக்கிறது. அந்த ஆர்வத்தில் பௌத்த நூல்களையும் புரட்டினேன். சம்யுத்த நிகாயத்தில் ஓர் உரையாடல். மோளிய சீவகன் என்ற துறவி ராஜகிருகத்து மூங்கில்வனத்துக்கு வந்து, மனிதன் படுகிற இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறார். அப்படிச் சொல்கிறவர்கள் தமக்கே தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது புத்தரின் பதில். பிறகு எட்டுக் காரணம் சொல்கிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், உடம்பைத் தாறுமாறாக நடத்துவது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. ஏழாவதைப் படித்தபோது என் கடையின் ஷட்டர் கதவு எனக்குத் தெரிந்தது.

சித்தாந்திகளுக்கும் பௌத்தருக்கும் ஆகாது. சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தருக்கு நல்ல அடி உண்டு. ஆனால் என் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே தொகையைத்தான் காட்டினார்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் மிராசு எவரும் டேங்கு மாட்டியதில்லை. என் கடைக்கு வந்த மருந்தடிக்கிறவர்கள் எல்லோரும் அவர் தெருக்காரர்கள். முன்வினை என்ன தெருப் பார்த்தா வரும்? முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தரம்கூடத் தவறாமல், பட்டாவில் பெயர் இருக்கும் வீடுகளை விலக்கிவிட்டு, ஒரே தெருவுக்குள் போய் நுழையுமா?

கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருடத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டம் அரசு நிறுவனத்துடையது. பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தன; தோட்டத்து ஆட்கள் நோயில் விழுந்தார்கள். பத்ரே கிராமத்தில் இதை ஜடாதாரி தெய்வத்தின் கோபம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். கோபித்த தெய்வத்தைத் தேடுகிறவன் ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்க்கமாட்டான். ஒரு வட்டாரமே நோயில் விழுந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று சரக சம்ஹிதை சொல்லியிருக்கிறது: காற்று, தண்ணீர், மண், பருவம். இவை கெட்டதற்கு வேர் அதர்மம், அதுவும் ஆளுகிறவர்களிடமிருந்து தொடங்குவது என்கிறார் அந்த நூலில் பேசும் ஆத்ரேயர். உச்ச நீதிமன்றம் 2011இல் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. ஜடாதாரி பெயரில் இருந்த பழி அன்று இறங்கியிருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்து யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செடி அந்த வருடம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அடித்ததெல்லாம் முகத்துக்கே திரும்பி வந்தது. அங்கே யாரும் விதி என்று சொல்லவில்லை. பாதுகாப்பு உடை போடவில்லை என்றார்கள். இது படித்தவர்களின் விதி. வைகாசி வெயிலில் ரப்பர் கையுறையும் முகமூடியும் பிளாஸ்டிக் சட்டையும் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு டேங்கு நடந்து பார்த்தவர்கள் அதைச் சொல்லட்டும். டப்பாவுக்குள் எட்டாக மடித்து, பொடி எழுத்தில் ஒரு தாள் வைத்திருப்பார்கள். எங்களுக்கெல்லாம் பாவமன்னிப்பு அந்தத் தாளில்தான்.

இவ்வளவு படித்தும், அவரிடம் போய் ‘இது உங்கள் விதி இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1997இல் எழுந்து உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னவர், பத்தாம் நாள் திரும்ப டேங்கு மாட்டினார். மாட்டாவிட்டால் அடுப்பு எரியாது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதை நான் பிடுங்கினால் பதிலுக்கு என்ன கொடுப்பேன், இன்னொரு ஹார்லிக்ஸா?

போன பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பேரன், பத்தொன்பது வயது, உளுந்துக்கு அடிக்க மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாட்டில், மஞ்சள் முக்கோணம்.

‘மொதலாளி, அந்தத் தாளுல என்னமோ எழுதிருக்குமே, பயலுக்குக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.’

முப்பத்திரண்டு வருடம் விற்ற பொருளின் தாளை முதல்முறையாக வாய்விட்டுப் படித்தேன். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே. வாயால் ஊதாதே. வெறுங்கையால் கலக்காதே. துணியைத் தனியாகத் துவை. தலை சுற்றினால் உடனே நிறுத்து. பையன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

‘தாத்தா, ஒங்க காலத்துலயும் இப்புடிப் படிச்சுச் சொல்லித்தான் குடுப்பாங்களா?’

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

‘சொல்லுவாங்கடா. நாந்தான் காதுல வாங்கல.’

நான் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.