மயான வைராக்கியமும் நிலைத்த வைராக்கியமும்

நம் முன்னோர் வைராக்கியத்தைப் பலவாறாகப் பகுத்துக் கூறினர். அவற்றுள் ஒன்று மயான வைராக்கியம். நெருங்கிய ஒருவரின் சிதை எரியும் வேளையில், ‘இவ்வளவுதானா வாழ்க்கை!’ என்று மனம் கசிகிறது. வீடு திரும்பி நீராடி முடிப்பதற்குள் அவ்வெண்ணம் தளர்ந்துவிடுகிறது. காரியங்கள் முடிந்த மறுநாளே பாகப்பிரிவினைப் பேச்சு எழுகிறது. அந்த வைராக்கியம் ஏன் நிலைப்பதில்லை? துயரத்தில் பிறந்தது அது. ஆகவே துயரம் தணிந்ததும் தானும் தணிகிறது. ஆராய்ச்சியில், அதாவது விவேகத்தில், பிறந்த வைராக்கியமே நிலைத்து நிற்கும்.

துயரத்தின் கலக்கமின்றி மரணத்தைச் சிந்திக்க விரும்பும் சாதகர், தமக்கு உறவோ அறிமுகமோ இல்லாதோர் உறங்கும் பழைய கிராமத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குச் சென்று வரலாம். அங்கே அழுவதற்கு எவருமில்லை; ஆதலால் மனம் அமைதியாகக் கேள்வி கேட்கும்.

சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் சந்திக்கும் பழவேற்காட்டில் அத்தகைய இடம் ஒன்று உள்ளது. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் அங்கே 1613-ஆம் ஆண்டு கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பியது. சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகள் அங்கிருந்து கிழக்குத் தீவுகளுக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக வாசனைப் பொருள்கள் வாங்கப்பட்டன. உலகின் மாபெரும் வணிக நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிய அது 1799-இல் முடிவுக்கு வந்தது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டு முதலாக அடக்கம் செய்யப்பட்ட டச்சுக்காரர்களின் கல்லறைகள் மட்டும், தொல்லியல் துறையின் பாதுகாப்பில், மீனவக் குடியிருப்புகளுக்கு அருகே எஞ்சியிருக்கின்றன.

அத்தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் மணற்கடிகாரம் இருக்கிறது. அச்சமூட்டுவதற்காக அமைந்தவை அல்ல இவை. ‘நீயும் இறப்பாய் என்பதை நினைவில் கொள்’ என்பது அக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் போற்றிய ஆன்மிகப் பயிற்சி. பொருள் தேடிக் கடல் கடந்து வந்தவர்களும் தங்கள் இடுகாட்டின் வாயிலில் இந்த உபதேசத்தை நிறுத்தத் தவறவில்லை. மரணத்தைக் குருவாக ஏற்பது எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான நெறி என்பதற்கு இவ்வாயிலே சான்று.

இன்று இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் பெரும்பாலும் கேமராவுடனேயே செல்கின்றனர். அதில் குற்றமில்லை, படம் எடுப்பதையும் ஒரு சாதனையாக்கலாம். தேய்ந்த கல்லெழுத்து உச்சிவெயிலில் புலப்படாது. காலையிலோ மாலையிலோ, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது, எழுத்தின் பள்ளத்தில் நிழல் படிந்து பெயர் தெளிகிறது. அதற்குக் காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்தோ பாசியைச் சுரண்டியோ எழுத்தை வரவழைக்க முயன்று, கல்லையே கெடுத்துவிடுகிறார். நம் வாழ்வும் இத்தகையதே. இளமையும் வெற்றியும் உச்சியில் காயும்போது அதன் பொருள் நமக்குப் புலப்படுவதில்லை. ஒளி சாயும் காலத்தில் தெரிவதை இப்போதே காண முயல்வதுதான் விவேகம்.

படம் எடுப்பவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். படத்தின் சட்டத்துக்குள் வராதவர்கள் யார்? துணி நெய்த கைகளுக்கு அங்கே கல் இல்லை. அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவாகிய படேவியாவுக்கு அனுப்பப்பட்ட ஏழைகளுக்கும் கல் இல்லை. விற்றவர் பலருக்குக் கல்வெட்டு உண்டு. விற்கப்பட்டவருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை. எல்லோரும் இறக்கிறோம் என்று பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் அந்தப் பெருமூச்சு, உயிரோடிருக்கும்போது ஒருவர் மற்றவருக்கு இழைத்ததை மறைத்துவிடக் கூடாது. பிறர் துன்பத்தைக் காணாத வைராக்கியம் வெறும் சோர்வே.

கடோபநிஷதத்தில் சிறுவன் நசிகேதன் யமனின் வாயிலுக்கே செல்கிறான். நீண்ட ஆயுள், பிள்ளைகள், யானைகள், குதிரைகள், பொன், பரந்த நிலம் ஆகியவற்றை யமன் தர முன்வருகிறான். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பழவேற்காட்டில் கரையேறிய வணிகர் கேட்டிருக்கக்கூடியவையும் இவைதாமே! நசிகேதன் அனைத்தையும் விலக்கி, மரணத்திற்குப் பின் எஞ்சுவது எது என்ற ஒன்றையே கேட்டான். கல் தேய்கிறது, படமும் ஒருநாள் மங்கும். இரண்டையும் பார்த்து ‘இவை மங்குகின்றன’ என்று அறியும் அறிவு எதுவோ, அதைத் தேடுவதே அவன் நமக்குக் காட்டிய வழி.

அன்பர்களே, கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரு படத்தைக் கொண்டு வந்தால் அதனை உங்கள் மேசைமீது வையுங்கள். ஒருவரிடம் வன்சொல் கூறப் புகும்போதும், கூலி கொடுக்கத் தயங்கும்போதும், உடன்பிறந்தாரோடு ஒரு சாண் நிலத்துக்காக வழக்காட எழும்போதும் அதனை ஒருமுறை பாருங்கள். மணல் விழுந்துகொண்டிருக்கிறது. கொடுக்க வேண்டியதை இன்றே கொடுத்துவிடுவோம். மன்னிக்க வேண்டியவரை இன்றே மன்னித்துவிடுவோம்.