தப்பிச் செல்லலும் திரும்பி வருதலும்

அன்றாட வாழ்வின் சுமையைத் தாங்கமாட்டாதவனே இசையிலும் கற்பனைக் கதையிலும் தஞ்சம் புகுகின்றான் என்பது, கலையின்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வரும் குற்றச்சாட்டாகும். விஞ்ஞானப் புனைகதையைப் பொறுத்தவரை அது மேலும் கடுமை பெறுகின்றது. மண்ணிலே பசியும் பிணியும் நிலவுகையில் விண்மீன்களிடையே உலாவுதல் அறமாகுமா? நீண்ட குளிர்கால இரவிலே கதவைச் சாத்திவிட்டு, விருப்பமான இசையுடனும் ஒரு நூலுடனும் அமர்ந்திருப்பவன் அயலானுக்குரிய கடமையிலிருந்து நழுவுகின்றானா? எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வினா அன்று இது.

இக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டென்பதைப் புனைகதையாளரே உணர்ந்திருந்தனர். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட 'பாரன்ஹைட் 451' நாவலின் நாயகன், நூல்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்டவன். அவனுடைய மனைவி சிறு வானொலிகளைக் காதுகளிற் செருகியபடியே இரவைக் கழிக்கின்றாள். ஒலி இடையறாது பெருகுகின்றது. அருகிலிருக்கும் கணவனின் துயரமோ அவளை எட்டுவதில்லை. அன்று கற்பனையாக இருந்த அக்கருவி இன்று நம்மிற் பலருடைய காதுகளில் உள்ளது. ஆதலின், இசை தன்னளவிலேயே மனிதனை மேம்படுத்தும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், '2001' எனும் நாவலை 1968இல் வெளியிட்டார். உடன் சென்றோர் மாண்டபின் சனிக்கோளை நோக்கித் தனியே செல்லும் விண்வெளி வீரன், முதலில் நாடகங்களையும் பின்னர் இசையையும் துணைக்கழைக்கின்றான். ஈற்றில் பாக்கின் இசையிலேயே அவன் அமைதி காண்கின்றான். அவனிடம் இசை உண்டு, பகிர்ந்துகொள்ள ஆளில்லை. தனிமையின் எல்லையில் நிற்பவனையும் மனிதனாகவே வைத்திருப்பது, மனிதர் ஆக்கிய அவ்வொலிதான்.

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய 'சொலாரிஸ்' நாவலை, தார்க்கோவ்ஸ்கி 1972இல் திரைப்படமாக்கினார். தொலைதூரக் கோளொன்றை ஆராயச் சென்ற நாயகன் அங்கு எதிர்கொள்வது விந்தை உயிர்களை அன்று. முன்னர் தான் பிரிந்து சென்றபின் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட மனைவியே அவன்முன் வந்து நிற்கின்றாள். அவ்விண்நிலையத்தார் காற்றோட்டக் கருவியிலே காகிதக் கீற்றுகளைக் கட்டி, இலைகளின் சலசலப்பைக் கேட்கின்றனர். நூலகச் சுவரிலே 1565இல் புரூகல் தீட்டிய பனிக்கால ஓவியம் தொங்குகின்றது. சோர்ந்து திரும்பும் வேடர், விடுதி வாயிலில் மூட்டிய தீ, உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுவோர் என அதிலுள்ளவை யாவும் எளிய அன்றாடக் காட்சிகளே. அவ்வோவியத்தைக் கண்ணெடுக்காது நோக்கும் அப்பெண், பூமியை ஒருபோதும் மிதித்தறியாதவள்.

இங்கேதான் நம் வினாவுக்குரிய விடை புலப்படுகின்றது. மிகத் தொலைவுக்குச் சென்ற கற்பனை அங்கு தேடிக் கண்டது, வீட்டையும் தீயையும் அயலாரையும், தீர்க்கப்படாத கடனையுமே. அருகிருந்து நோக்கும்போது பழக்கத்தால் மங்கிய பொருள்கள் தொலைவிலிருந்து நோக்கும்போது துலங்குகின்றன. எனவே கதவைச் சாத்துதல் குற்றமன்று; தட்டும் ஓசை கேளாதவாறு சாத்துதலே குற்றம்.

ஒரு நூல் எத்தனை ஒளியாண்டு தூரம் நம்மை அழைத்துச் சென்றது என்பதைக்கொண்டு அதனை அளத்தல் தகாது. நூலை மூடியபின், அடுத்த அறையில் இருமிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுக்க எழுகின்றோமா என்பதே உரிய அளவுகோலாகும். எழுவோமாயின் நாம் தப்பிச் சென்றவரல்லர், திரும்பி வந்தவராவோம்.