கூட்டைக் காப்பதும் கூட்டத்தைக் காப்பதும்

மார்கழியில் கோவளம் முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டுகளில் கைக்குள் அடங்கும் அளவுள்ள கரைப்பறவைகள் கூட்டமாக மேயும். கொசு உள்ளானுக்கும் டெமிங்க் உள்ளானுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கால் கறுப்பா, மஞ்சளா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் பிரிப்பார்கள். சேற்றில் நடக்கிற பறவைக்கோ கால் முழுக்கச் சேறு. புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்பிய ஒருவர் மங்கலான படம் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'ஐடி ப்ளீஸ்' என்கிறார். "கேமரா வாங்கினா போதுமா? முதல்ல புத்தகம் வாங்குங்க சார்" என்று ஒரு பதில் வருகிறது. அதன்மேல் இரண்டு சிரிப்புப் பொம்மைகள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அந்தப் படத்தை வைத்து உறுதியாகப் பெயர் சொல்ல மூத்தவர்களாலும் முடியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட அதட்டுவது சுலபம்.

இதை வெறும் மண்டைக்கனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூத்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆந்தை அடையும் மரம் எதுவென்று பொதுவில் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கேமராக் கூட்டம் நிற்கும். செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டிக்கு வேறொன்று வந்துவிட்டதென்று பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். கூட்டுக்கு மிக அருகில் ஆள் போனால் தாய் எழுந்து பறக்கும். முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை வரும். தப்பாக அடையாளம் கண்ட பறவை பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை நம்பி ஆய்வு செய்பவருக்கும் தொல்லை. இவையெல்லாம் மெய்யான கவலைகள். புதியவரிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பறவையைக் காக்கும் கண்டிப்பும் தன் நாற்காலியைக் காக்கும் கண்டிப்பும் ஒரே குரலில்தான் பேசும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: அந்தக் கண்டிப்பு சொல்பவரையும் கட்டுகிறதா என்று பார்க்கலாம். கூட்டின் இடத்தைப் புதியவரிடம் மறைத்துவிட்டு, மறுநாளே நெருங்கிய நாலு பேருடன் நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு அதே மரத்தடிக்குப் போகிறவர் காப்பது கூட்டை அல்ல. பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளம் ஆபத்திலிருக்கும் சில பறவைகளின் இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்தே மறைத்துவிடுகிறது. அரிய பறவையைப் பார்த்ததாகப் பதிந்தால் விவரம் கொடு என்கிறது. இருபது வருட அனுபவசாலியையும் நேற்று வந்தவரையும் ஒன்றுபோலவே கேட்கிறது. அந்தக் கேள்வியில் யாருக்கும் அவமானம் இல்லை.

கோவளம் இருக்கும் அதே மாவட்டத்திலேயே இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாதென்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்குப் புண்ணியக் கணக்கு மட்டும் இல்லை, வயல் கணக்கும் இருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம். அவர்கள் போட்ட தடை துப்பாக்கிக்குத்தான். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவரிடம் இது என்ன பறவை சொல்லு பார்க்கலாம் என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. அந்த ஊரின் கண்ணில், தொலைநோக்கியும் பட்டியலுமாக வந்திறங்கும் பட்டணத்து நிபுணர்தான் புதியவர். அவர் ஆங்கிலப் பெயரைச் சொல்லும் முன்பே, வயலில் நத்தையைத் தேடித் தின்னும் அந்த நாரையை நத்தைகுத்தி என்று ஊர் அழைத்துக்கொண்டிருந்தது.

அந்த நத்தைகுத்தி நாரையையே எடுத்துக்கொள்வோம். வளர்ந்த பறவையின் அலகு முழுக்க மூடாது, நடுவில் ஓர் இடைவெளி தெரியும். எல்லாக் கையேடுகளும் சொல்லும் முதல் அடையாளம் அதுதான். ஆனால் குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இருக்காது; வளர வளரத்தான் விழும். தை மாதத்தில் வேடந்தாங்கல் நீர்க்கடம்பு மரத்தில் இளம் பறவை ஒன்றைப் பார்க்கிற புதியவர், கையேட்டை நம்பி, 'இது நத்தைகுத்தி இல்லை, வேறு ஏதோ நாரை' என்று எழுதுவார். தப்புதான். ஆனால் அலகை உற்றுப் பார்த்தவருக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அதைக் கண்டு சிரிக்கிறவர், கவனமின்மைக்குக் கிடைக்கவேண்டிய தண்டனையைக் கவனத்துக்குக் கொடுக்கிறார். "குஞ்சுக்கு அலகு மூடித்தான் இருக்கும்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகிவிடும்?

1908இல் பம்பாயில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், காற்றுத் துப்பாக்கியால் தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே கௌரவச் செயலராக இருந்த மில்லார்டு, பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அந்தப் பையன் சாலிம் அலி. அந்தக் காலத்தில் சுட்டுத்தான் ஆராய்ந்தார்கள், உண்மை. இன்று அப்படி ஒரு படத்தைப் போட்டால் குழுவிலிருந்து நீக்கத்தான் வேண்டும். ஆனாலும் அவன் பெரிய ஆளாக வருவான் என்று தெரிந்தா மில்லார்டு இழுப்பறையைத் திறந்தார்? அவன் வெறும் ஆர்வக்கோளாறாகவே நின்றிருந்தாலும் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

மில்லார்டின் மேசைக்கு வந்தது ஒரு பையன். இன்றைய குழு நிர்வாகிக்கு ஒரே கேள்வி சீசன் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். ஒத்துக்கொள்ளவேண்டிய வாதம். கூலியில்லாமல், ஆபீஸ் முடிந்து வந்து பதில் சொல்கிறவர்கள் அவர்கள். தெரிந்தவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது அறமல்ல, வேலை வாங்குவது. எங்கே, எப்போது பார்த்தது, என்ன செய்துகொண்டிருந்தது, தானாக என்னவென்று நினைத்தார் என எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் வீசிவிட்டுப் போகிறவருக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை. பதில் கிடைத்ததும் நன்றிகூடச் சொல்லாமல் மறைந்துவிடுகிறவர்களும் உண்டு. சொல்லித் தருவது ஒழிந்த நேரத்தில் செய்யும் கடமை. சிறுமைப்படுத்தாமல் இருப்பதோ எப்போதும் முடியும். அதற்கு நேரமே தேவையில்லை.

புதியவரை எப்படி நடத்துவது என்ற இதே கேள்வி கோவளத்து அலைகளிலும் உண்டு. ஓர் அலையில் ஒருவர் என்பது சர்ஃபிங்கில் எழுதாத சட்டம். மீறினால் பலகை மண்டையில் அடிக்கும். கலிபோர்னியாவின் லுனாடா பேயில் உள்ளூர்க் கும்பல், வெளியாட்கள் கடலில் இறங்கினால் கல்லெறிவது வரை போனதாகப் புகார் எழுந்து, 2016இல் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. இது எங்கள் கடல் என்று சொல்ல யாருக்காவது உரிமை உண்டென்றால், தலைமுறை தலைமுறையாக அதில் வலை போட்ட கோவளத்து மீனவருக்குத்தான் உண்டு. அங்கே மூர்த்தி மேகவன் போன்ற மீனவர்கள் பள்ளி நடத்தி, வருகிறவர்களுக்குப் பலகையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். காசு வாங்கித்தான், அதில் என்ன தப்பு? எப்போது இறங்கக்கூடாது என்பதும் பாடத்தில் சேர்த்தி.

புதியவர்களை விரட்டாமல் இருக்க, பறவை பார்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியோடு முடிவதில்லை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை அதன் எல்லை. பறவைகள் இரை தேடுவது அந்த வயல்களிலும் சிற்றேரிகளிலும்தான். 2020இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தபோது தமிழ்நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. வாழ்நாளில் முதன்முறை பார்த்த பறவைகளை 'லைஃபர்' என்று கணக்கு எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் மனுப் போட்டிருந்தால் அது ஏதாவதொரு கோப்பில் சத்தமில்லாமல் அடங்கியிருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை வேடந்தாங்கல் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாவற்றையும் கொக்கு என்று சொல்லிவிட்டு இறங்கியவர்களும் அப்போது சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.